குறுக்குக் காற்றும் கூட்டணியும்

வில்னியஸ்,
நவம்பர் 2004

மிகுந்த மரியாதைக்குரிய அத்தை எமிலியா அவர்களுக்கு, மாப்பிள்ளை ரிமாந்தாஸ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் மகள் லைமாவும் சுகம். அங்கு தாங்களும், தங்கள் இடுப்பு வலியும், தேனீக்களும் எப்படி? தாங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய தேனும் வெள்ளரி ஊறுகாயும் வந்து சேர்ந்தன. ஒரு ஜாடி மட்டும் வழியில் உடைந்துவிட்டது. டிரைவர் என்னிடம் பேசிய பேச்சைத் தங்களுக்கு எழுத முடியாது.

முதலில் நல்ல செய்தி. தங்கள் மகன் வைதோதாஸ் ஆப்கானிஸ்தான் போகவில்லை. அங்கே நம் நாடு எதற்கும் தலைமை தாங்கப் போவதில்லை. தாங்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம். நானும் தூங்கலாம்.

"உங்க மாப்பிள்ளைதான் பெரிய கூட்டத்துல எழுந்து நின்னு நாட்டையே மாட்டிவிட்டாராமே" என்று தங்கள் ஊர் ஸாரஸாய் சந்தையில் பேசுகிறார்கள் என்று லைமாவிடம் சொன்னீர்களாம். எழுந்து நின்றது உண்மைதான். ஏன் நின்றேன் என்பது உலகத்தில் தங்கள் ஒருவருக்குத்தான் புரியும், ஏனென்றால் அதற்குக் காரணமே தாங்கள்தான். பிரஸ்ஸல்ஸில் நேட்டோ கூட்டம். எங்கள் அமைச்சக இயக்குநர் பராவ்ஸ்கஸுக்குப் பின்னால் கோப்பை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. ஆப்கானிஸ்தானில் ஒரு மலை மாகாணம், அங்கே ரோடு, பாலம், ஆஸ்பத்திரி கட்டித் தரும் குழுவுக்கு எந்த நாடு தலைமை தாங்கும் என்று கேட்டார்கள். பெரிய நாடுகள் நல்ல இடமாகப் பார்த்து ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டன. மிச்சம் இருந்தவர்களில் ஒருவர் கீழே விழாத பேனாவைக் குனிந்து தேடுகிறார், ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு இடது கைப்பக்கம் ஜன்னல் திறந்திருந்தது. அந்த நேரம் பார்த்து வலது கைப்பக்கக் கதவை யாரோ திறந்தார்கள். குறுக்குக் காற்று, அத்தை. கல்யாணமான நாளிலிருந்து "குறுக்குக் காத்துல உக்காராதீங்க மாப்பிள்ளை, கிட்னி போயிடும்" என்று தாங்கள் ஓதி ஓதி வளர்த்த உடம்பு இது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்துவிட்டது. "லிதுவேனியா, மிக்க நன்றி" என்றார் கூட்டத் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள். டச்சுக்காரர் ஒருவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை விலக்கிவிட்டுப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"என்னய்யா பண்ணித் தொலைச்சே?" என்றார் பராவ்ஸ்கஸ்.

"ஜன்னலைச் சாத்தினேன் சார்."

"அதுக்கு ஒரு நேரங்காலம் இல்லையா?"

"காத்து அடிச்சுது சார்."

அவரும் நம்ம ஊர்க்காரர்தானே. கழுத்துத் துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டு, "அடிச்சுதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

தெரியாமல் எழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கூட்டணியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புது மருமகள் பாத்திரம் கழுவ எழுந்துவிட்டு, இல்லை, நான் சோம்பல் முறித்தேன் என்று சொல்ல முடியுமா? ஊருக்குத் திரும்பினால் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். நம் நாட்டின் மிக உயரமான குன்றில் காளான் கூடையோடு மூச்சு வாங்காமல் ஏறி இறங்கலாம், நாம் போய் அந்த மலைகளில் என்ன செய்வது என்று பத்திரிகையில் எழுதினார்கள். முடிவெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டு, "என் தெருவுல குழியை மூட ஆளில்ல, அங்க போய் ரோடு போடப் போறீங்களா?" என்றார். பாதி முடியோடு எழுந்து ஓடவும் முடியாது.

இதெல்லாம் போகட்டும். ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருக்கிற வைதோதாஸ்தான் என் தூக்கத்தைக் கெடுத்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். லைமா உருளைக்கிழங்குக்குள் கறி வைத்த செப்பலின் கொழுக்கட்டை செய்திருந்தாள். "அத்தான், தொண்ணூத்தொண்ணுல சோவியத் டாங்கி வந்த அந்த ஜனவரியில நானும் அம்மாவும் தெருவுல நெருப்பு மூட்டிட்டு நின்னோமே, யாராவது வரமாட்டாங்களான்னுதானே பார்த்துட்டிருந்தோம்? இப்ப நம்மளைக் கூப்பிடறாங்க" என்றான். வாயை மூடு என்று மேசைக்கடியில் ஒரு உதை விட்டேன், அது லைமா காலில் பட்டது. அதற்கு அவள் என்னைத் தனியாகக் கவனித்தாள். அத்தை, எனக்கு அப்போது தங்கள் அண்ணன் மகன் அல்கிஸ் ஞாபகம்தான். சோவியத் ராணுவச் சட்டையை மாட்டி அவனை அதே மலைக்குத்தான் இழுத்துப் போனார்கள். துத்தநாகப் பெட்டியில் பிணமாக வந்தான், திறந்து பார்க்கக்கூட விடவில்லை. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தாங்கள் நின்றதை நான் பார்த்தவன். என் கிட்னிக்காகத் தங்கள் வீட்டுக்கு இன்னொரு பெட்டி வந்துவிடுமோ என்று பயந்து செத்தேன்.

இன்றைக்குத்தான் நாடாளுமன்றக் குழு கூடியது. காரியதரிசி வெளியே வந்து, "ஒரே ஓட்டு வித்தியாசம், வேண்டாம்னுதான் முடிவு. குழுத் தலைவர் யுஷ்கியெனே அம்மாவும் வேண்டாம் பக்கம்தான், நாளைக்கு ஒரு தடவை முறைப்படி ஓட்டு எடுத்து அறிவிப்பாங்க, அவ்வளவுதான்" என்றார். பராவ்ஸ்கஸ் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த செப்பலின் அத்தனையையும் சூடு பண்ணித் தின்றேன். இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது, அத்தை. இப்போது எனக்கு அழுகைகூட வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். தேனீப் பெட்டிகளுக்குக் குளிர் முற்றும் முன் போர்வை போட மறக்க வேண்டாம். கர்த்தர் தங்களையும் தங்கள் கூரையையும் காக்கட்டும் என்று வேண்டும்,

தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை,
ரிமாந்தாஸ்

பி.கு.: உறையை ஒட்டும்போது தாங்களே போன் செய்தீர்கள். நான் கேட்டது சரிதானா என்று எழுதிப் பார்க்கிறேன், தவறிருந்தால் திருத்தவும். தாங்கள் சொன்னது: "யுஷ்கியெனே என்கூடப் பாட்டுக்குழுவுல பாடுறவ. அவகிட்ட பேசிட்டேன். நாளைக்குச் சரின்னுதான் ஓட்டுப் போடுவா." நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். "அல்கிஸை இழுத்துட்டுப் போனாங்க, மாப்பிள்ளை. அவனை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. வைதோதாஸ் என்கிட்ட வந்து கேட்டான். போயிட்டு வாடான்னுட்டேன்." அப்புறம் தாங்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சொன்னதைத்தான் லைமா இன்னும் நம்ப மாட்டேன் என்கிறாள்: "அங்க கூடாரமாம். நாலு பக்கமும் காத்தாம். அவனுக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது. அதனால அவன்கூடப் போக உங்க பேரையும் யுஷ்கியெனேகிட்ட கொடுத்திருக்கேன். கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி பின்னிட்டேன், பெரிசு உங்களுது."