தாத்தாவின் துப்பாக்கிக்கு நான் எழுதிய டிரஸ்ட்

கறுப்புக் கோட்டு போட்டு ஆறு மாதம்கூட ஆகாத வக்கீலிடம் சொந்தக்காரர்கள் யோசனை கேட்கக் கூடாது. கேட்டால் அவன் சொல்லிவிடுவான். நானோ கேட்காமலேயே சொன்னவன்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். தாத்தா பண்ணையாளாக இருந்தவர். நிலப் போராட்டங்களுக்குப் பிறகு பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம் நிலம் அவர் பெயருக்கு வந்தது. உடனே, கதிரில் இறங்கும் குருவிகளை விரட்ட வேண்டும் என்று மனுப் போட்டு, நடையாய் நடந்து, இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கினார். அதுவரை அந்தச் சாமான் பண்ணையார் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அதனால் எங்கள் தெருவுக்கே அது கௌரவம். (ஒரு குருவிகூடச் சாகவில்லை. தாத்தாவின் குறி அப்படி!)

தாத்தா காலமானதும், துப்பாக்கி யாருக்கு என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை மூண்டது. பேச்சுவார்த்தை நின்றது. அவர்களோடு கூடப் பிறந்த, பள்ளிக்கூட டீச்சரான அத்தை சமாதானத்துக்கு வந்தார்.

"மொதல்ல ஸ்டேஷன்ல ஒப்படைங்க. ஒருத்தர் பேருக்கு லைசென்ஸ் கேளுங்க. மத்தவங்க ஆட்சேபணை இல்லேன்னு எழுதிக் குடுத்தா போதும். ஒரு தாள் வேலை."

"இது சட்ட விஷயம் அத்தை, நீங்க சும்மா இருங்க" என்றேன்.

அப்போது தஞ்சாவூரில் என் சீனியரிடம் எனக்கு ஒரே வேலைதான். நில உச்சவரம்பிலிருந்து தப்பிக்கப் பண்ணையார்கள் எழுதும் டிரஸ்ட் பத்திரங்களைப் பிரதி எடுப்பது. பசுவுக்கு ஒரு டிரஸ்ட், என்றோ இடிந்துபோன சத்திரத்துக்கு ஒரு டிரஸ்ட். ஐம்பது வேலி, அதாவது முந்நூறு ஏக்கருக்கு மேல் நிலமே டிரஸ்டுக்குள் ஒளியும்போது நாலடித் துப்பாக்கி ஒளியாதா? அவர்களுக்குச் செல்லுபடியாகும் சட்டம் நமக்குச் செல்லாதா? சீனியரிடம் கேட்கவில்லை. கேட்பது என் திறமைக்கு இழுக்கு என்று நினைத்தேன்.

முத்திரைத்தாளில் ஏழு பக்கம் எழுதினேன். அப்பாவும் சித்தப்பாவும் டிரஸ்டிகள். வாய்க்காலில் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல, ஒரு மாதம் அப்பா வீட்டில், மறுமாதம் சித்தப்பா வீட்டில் துப்பாக்கி இருக்கும். டீக்கடைக்காரரும் நாட்டாமையும் சாட்சி. அண்ணன் தம்பி மறுபடி பேசிக்கொண்டார்கள். முறை மாறும் நாளில் துப்பாக்கிக்கு மாலை போட்டுத் தெருவோடு எடுத்துப் போனார்கள்.

நாலு மாதம் இப்படி நடந்தது. பத்திரத்தின் பிரதி ஒன்றைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டால் எல்லாம் பக்கா ஆகிவிடும் என்று தோன்றியது. இருவரையும் நானே அழைத்துப் போனேன், துப்பாக்கியோடு.

"படிச்சுக் காட்டுங்க வக்கீல் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். முறை வைக்கும் பகுதியை இரண்டு தடவை படித்தேன்.

"லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?"

"எங்க அப்பா பேர்லங்க. அவரு தவறிட்டாரு" என்றார் அப்பா.

"அப்ப லைசென்ஸ் இல்லாமலே ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வச்சிருந்தீங்க?"

"ஆமாங்க. ஒரு நாள் தவறலீங்க" என்றார் சித்தப்பா, பெருமையாக.

"சாட்சிகளும் இருக்காங்க சார்" என்றேன் நான்.

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "தனியா வாக்குமூலம் எதுக்கு சார்? வக்கீலே முத்திரைத்தாள்ல எழுதிக் கொண்டாந்துட்டாரே!"

துப்பாக்கி உள்ளே போனது. அப்பா அது போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பண்ணையார் வீட்டில் இன்று சிரிப்பார்கள் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. கோட்டு போட்டிருந்ததால் அழவில்லை.

வழக்கு அபராதத்தோடு முடிந்தது. ஆனால் வழக்கில் மாட்டிய இருவருக்கும் லைசென்ஸ் கிடையாது என்றுவிட்டார்கள். வாரிசுகளில் மிச்சம் ஒருவர்தான். அண்ணனும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு தாளில். அடுத்த அறுவடைக்கு முன் அத்தை துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பண்ணையார் வீட்டு வாசல் வழியாகவே நடந்து வந்தார். அப்பா அன்றுதான் சிரித்தார்.

என் பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது என்று இன்றும் மார்தட்டிச் சொல்வேன். யார் கேட்கிறார்கள்? வீட்டில் எதைப் பங்கு போட்டாலும், நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஏழு பக்கமா, ஒரு தாளா?" என்கிறார்கள். போன மாதம் என் உயிலை எழுதினேன். நாற்பது வருஷத் தொழில் அனுபவம் முழுவதையும் அதில் இறக்கியிருக்கிறேன். ஒரு தாள்தான்.