மெழுகு குடிக்காத பேஸ் கிட்டார்

ஒரு பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டாலே அதைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கிற வியாதி எங்கள் வீட்டு ஆண்களுக்கு உண்டு. என் அப்பா அப்படி வரிசையாகக் கடிகாரங்களைக் கொன்றார். நான் ஒரு பேஸ் கிட்டாரைக் கொல்லப் பார்த்தேன். அது சாகவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்தது.

அப்போது நான் பாளையங்கோட்டையில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலைஞன். எங்கள் கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசித்தேன். (சர்ச் என்பதை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். வாசித்தேன் என்பதும் நான் சொல்வதுதான்; ட்ரம்ஸ் அடிக்கிற தானியேல் அதை "சொறியுதான்" என்பான்.)

கிட்டார் பல கை மாறி வந்தது. அதற்கு ஒரு கெட்ட பழக்கம். கம்பிகளுக்குக் கீழே கறுப்பாக ஒரு கட்டை இருக்குமே, பிக்கப், அதுதான் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். என்னுடையது கம்பியை விட்டுவிட்டுக் கண்டதையும் பிடித்தது. பக்கத்தில் விரல் பட்டால் டொக். சட்டைப் பொத்தான் உரசினால் கர்ர். ஒருமுறை நான் தும்மியது ஸ்பீக்கர் பெட்டி வழியாக வந்து, பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் பாட்டு தொடங்கிவிட்டது என்று எழுந்து நின்றுவிட்டார்.

மதுரையில் லைட் மியூசிக் குழுவில் வாசிக்கிற ஒருவர் வழி சொன்னார். "உள்ள முடி மாதிரி செம்புக் கம்பி சுத்தியிருக்கும். அந்தச் சுத்து லூஸா இருந்தா, சத்தம் பட்டதும் அதுவும் சேர்ந்து ஆடும். உருக்குன மெழுகுல முக்கி வைங்க, இடுக்குல எல்லாம் எறங்கிப் பிடிச்சுக்கிரும். சட்டியை நேரா அடுப்புல வைக்காம வெந்நீருக்குள்ள வைங்க. குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் வெளிய எடுத்துராதீங்க."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? நன்றாகவே தலையாட்டினேன்.

எனக்கு அவசரம். காரணம் எஸ்தர். ராதாபுரம் பக்கம் ஒரு ஹெட்மாஸ்டரின் மகள். எங்கள் கோயில் அசனத்துக்கு, அதாவது ஆராதனை முடிந்து ஊரே உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு சாப்பிடும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு, குடும்பத்தோடு வந்து என்னைச் சும்மா பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போயிருந்தது. எஸ்தரின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் நான் தாங்கமாட்டேன். அவள் முன்னால் கிட்டார் கர்ர் என்றால் என்ன ஆவது?

சனிக்கிழமை அம்மாவின் பால் சட்டியில் பச்சை நிறக் கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தித் துண்டுகளைப் போட்டேன். வெந்நீர், கிந்நீர் எல்லாம் பயந்தவர்கள் சமாச்சாரம் என்று நேராக அடுப்பிலேயே வைத்தேன். பிக்கப்பை முக்கினேன். சடசடவென்று குமிழி வந்தது. கருகுகிறது என்றே நினைத்தேன்.

"ஏலே, என்னத்தலே பொரிக்க?" என்று அம்மா ஓடிவந்தாள்.

"பிக்கப்பும்மா!"

"அது வெந்துட்டா என்ன?"

குமிழி என்றால் உள்ளே இருக்கிற காற்று வெளியே வந்து மெழுகு உள்ளே போகிறது என்று அர்த்தம். அது நிற்கும்வரை காத்திருக்கவேண்டும். நானோ கருகிய வடையை எடுக்கிற மாதிரி இடுக்கியால் பிடித்து வெளியே போட்டேன். வெளிப்பக்கம் பளபளவென்று மெழுகு. உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை. (பால் சட்டி தேறவில்லை. காப்பியில் பச்சை நிறத்தில் ஏடு மிதந்தது.)

சாயங்காலம் கோயிலில் கிட்டாரை மாட்டி, பிக்கப்பை நகத்தால் தட்டினேன். சத்தமே இல்லை! பொத்தானை உரசினேன். இல்லை! தானியேலைக் கட்டிப்பிடித்தேன். கம்பியையும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம் என்று இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு. இனிமேல்தான் பயமில்லையே என்று வால்யூமை முழுசாகத் திருப்பி வைத்தேன். பெட்டி சபையைப் பார்த்து இருந்தது. நாங்கள் அதற்குப் பின்னால். பிரசங்கம் முடிந்து ஐயர், அதாவது எங்கள் போதகர், "மவுனமாக ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் வாயசைப்பது தெரியக்கூடாது என்று கிட்டாரை நிமிர்த்தி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். பிக்கப் சரியாக என் உதட்டுக்கு எதிரே இருந்தது.

"அவிய எங்கனலே இருக்காவ?" என்றான் தானியேல்.

"பொம்பளையாள் பக்கம், மூணாவது பெஞ்சு. போட்டோவை விட நல்லாருக்காலே."

"மாமனாரு?"

"அந்த மீசையைப் பாத்தாலே பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சை ஞாபகம் வருது. பொண்ணு பக்கத்துல ஒரு அத்தை இருக்கு பாரு, சந்தையில மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாக்க மாதிரில்லா என்னைப் பாக்கு!"

"ஐயரு எப்பம்லே முடிப்பாரு?"

"இவரு ஜெபம் முடியதுக்குள்ள ஆட்டுக்கறி ஆறிப்போவும்."

எங்கேயோ ஒருவர் 'களுக்' என்றார். அப்புறம் ஒரு பெஞ்சு. அப்புறம் கோயிலே குலுங்கியது. ஐயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கர்த்தர் கேட்டாரோ என்னமோ, சபை கேட்டுட்டு. ஆமென்."

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என் காதோரம் வந்து, "நேத்து நான் மெயினை அணைச்சுட்டுல்லா வெளக்குமாறு எடுக்கப் போனேன்! நீரு கரண்டு இல்லாமலா தட்டிப் பாத்தீரு?" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. விழுங்கவில்லை.

அசனப் பந்தியில் சோற்று வாளியோடு அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஹெட்மாஸ்டர் இலையிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, கறி ஆறலை. சூடாத்தான் இருக்கு." பெண்கள் பந்தியிலிருந்து அத்தை, "பல்லைக் காட்டும் தம்பி, பாத்துட்டுப் போயிருதேன்" என்றார். எஸ்தர் தலை நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். போச்சு, எல்லாம் போச்சு.

அடுத்த வாரம் ஹெட்மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அடுக்களைக்குள் ஓடினேன்.

"எனக்குச் சம்மதமில்ல," என்று அப்பாவிடம் ஆரம்பித்தார். "மக ஒத்தைக்கால்ல நிக்கா. பொண்ணு பாக்க வாரவன் எல்லாம் நல்லவன் மாதிரிதான் பேசுதான், உள்ளதைச் சபை நடுவுல சொன்னவரு இவருதான்ங்கா. ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்கா. அந்தக் கிட்டாரை ரிப்பேர் பண்ணப்படாது."

இப்போது பிக்கப்பில் ஒழுங்காக மெழுகு ஏற்ற எனக்குத் தெரியும். குழுவில் இன்னொருவரின் கிட்டாருக்கு நானே செய்துகொடுத்தேன், வெந்நீரில் வைத்து, குமிழி அடங்கும்வரை பைய. என்னுடையதைத் தொட எஸ்தர் விடவில்லை. உண்மையை வரவழைக்கிற சாமான் ஆகிவிட்டது அது அவளுக்கு. ஆபீஸில் வேலை, அதனால்தான் நேரமாகிவிட்டது என்று நான் சொன்னால் சண்டை பிடிக்கமாட்டாள். சுவரில் தொங்குவதை எடுத்து என் மடியில் வைத்து, "இதுகிட்டச் சொல்லுங்க" என்பாள்.

போன மாதம் மகளுக்குக் கல்யாணம் ஆகி முதல் விருந்து. புது மாப்பிள்ளை இலையைப் பார்த்து, "கறி பிரமாதம் அத்தை" என்றார். மகள் எழுந்து போய் கிட்டாரை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். பாவம், விஷயம் தெரியாத பிள்ளை. என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

அவர் கிட்டாரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "உப்புதான் கொஞ்சம் கூட."