கண்ணையன் காத்த ரகசியம்

அன்பு மருமகன் தமிழ்க்குமரனுக்கு,

சுத்துக்கேணியிலிருந்து உன் தாய்மாமன் கண்ணையன் ஆசிகளோடு எழுதுவது. நானும் உன் அத்தை தையலம்மாளும், ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்து நிற்கும் கரும்பும் சுகம். போனில் பேசினால் உன் அத்தை கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவாள் என்பதால் கடிதம்.

ஜெயித்துவிட்டேன் மாப்பிள்ளை! உன் விண்வெளி நாவல் நாலு பாகம் வந்தும், ஊருக்குள் மனுஷனாகத் திரியும் வேற்றுக்கிரகவாசி யார் என்று நீ சொல்லவே இல்லை. அதை வைத்து எடுக்கும் டி.வி. தொடரின் கடைசி நாளில்தான் அது தெரிய வேண்டும், முன்னாலேயே கசிந்தால் தொடரையே நிறுத்திவிடுவோம் என்று சேனல்காரர்கள் மிரட்டியும், அந்த வேஷத்தை இந்த மாமனை நம்பிக் கொடுத்தாய். உன் இத்தனை வருஷ உழைப்பும் என் வாயில்தான் இருக்கிறது என்பதை மறப்பேனா?

நம் கரும்புக் கொல்லையில் படப்பிடிப்பு நடந்ததிலிருந்து ஊரே என் வாயைப் பிடுங்கியது. திருக்கனூர் சந்தையில் அப்துல் கனி பாய், "கதையில வர்ற அந்த வாத்தியார்தானே வேற்றுக்கிரகவாசி? வாயால சொல்லவாணாம், கண்ணை மட்டும் சிமிட்டுப்பா" என்றார், கண்ணில் தூசி விழுந்தும் நான் சிமிட்டவில்லை, வூட்டுக்கு வந்தால் உன் அத்தை வீராம்பட்டினம் வரைக்கும் போய் வஞ்சிரம் வாங்கிவந்து குழம்பு வைத்து, நடுத்துண்டாகப் பார்த்துத் தட்டில் போட்டு, "இன்னாய்யா, கட்டினவகிட்ட கூடவா மறைப்பே? யாருய்யா அவன்?" என்றாள், நான் சாப்பிட மட்டுமே வாயைத் திறந்தேன், கடைசிக் காட்சிக்குப் பூசிய பச்சைச் சாயம் காதோரம் ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் தேங்காய் நாரால் தேய்த்த தேய்ப்பில் காதே கையோடு வந்துவிடும்போல இருந்தது, அப்போதும் "பூச்சிமருந்துடி" என்று சாதித்துவிட்டேன்.

நேற்று உன் டைரக்டர் போன் செய்து, "துளிகூட கசியலை சார், அடுத்த மாசம் ஒளிபரப்பு" என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கதை எழுதியே பிள்ளை கெட்டுப்போகிறான் என்று அழுத என் அக்கா, இனி தலைநிமிர்ந்து நடக்கட்டும்.

நீ இன்னும் நூறு பாகம் எழுதி, அத்தனையிலும் மாமனுக்கு ஒரு வேஷம் வைத்து, சீரும் சிறப்புமாக வாழ வாழ்த்தும்,
கண்ணையன்

பி.கு.: இந்தச் சந்தோஷத்துக்கு பேனர் வைக்காமல் இருக்க முடியுமா? இன்று காலை வில்லியனூரிலிருந்து திருக்கனூர் வரை கட்டிவிட்டேன். கவலைப்படாதே, கதையைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. "சின்னத்திரையின் சிங்கம் கண்ணையனை வாழ்த்துகிறோம்", அவ்வளவுதான். படம் மட்டும் கடைசிக் காட்சியில் மேக்கப்காரர் என் போனில் எடுத்துக் கொடுத்தது, பச்சை முகத்தோடு நெற்றியில் மூன்றாவது கண்ணும் வைத்து. அதில்தான் நான் லட்சணமாக இருக்கிறேன். ஒன்றுதான் விளங்கவில்லை. பேனரைப் பார்த்துவிட்டு வந்த உன் அத்தை, இனிமேல் என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை என்று சொல்லி, மத்தியானம் வெறும் ரசத்தை ஊற்றினாள்.