மோதிப் பார்த்தார் கண்ணாடிக்காரர்

இந்த முறை மோதியே பார்த்துவிடுவது என்று கண்ணாடிக்காரர் தீர்மானித்தார்.

மனைவியோடு அல்ல. அந்தத் தைரியம் கல்யாணமான முதல் வாரமே தீர்ந்துவிட்டது. மோத வேண்டியது காரை. அதையும் அவர் மோதப்போவதில்லை. ஏற்கெனவே யாரோ மோதிப் படம்பிடித்து வைத்திருந்தார்கள். அதை வீட்டில் போட்டுக் காட்டினால் போதும். பழைய கார் வாசலை விட்டுப் போய்விடும், புதுசு வந்து நிற்கும்.

பழையது ஒரு ஹேட்ச்பேக். மகள் பிறந்த வருடம் வாங்கியது. அவள் இப்போது எட்டாவது படிக்கிறாள். வாங்கும்போது கார் நீல நிறம். இப்போது என்ன நிறம் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். பின் பம்பர் முழுக்க நெளிவு. ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். ஆனால் காரைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் கண்ணாடியைப் பார்க்க மாட்டார். வாசல் கேட்டின் தூணில் 'டங்' என்று கேட்டதும் நிறுத்துவார். அதுதான் அவர் கணக்கு.

அவர் தன் கண்ணாடிக் கடைக்கு நடந்தே போகிறவர். வழியில் ஒரு ஷோரூம். உள்ளே ஒரு சிவப்புக் கார். தினமும் அவர் ஷோரூம் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று பார்ப்பதால், காவலாளி இப்போதெல்லாம் அவருக்கு சல்யூட் வைக்கிறார்.

மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எதையும் கடைசி வரிவரை படிக்காமல் கீழே வைக்க மாட்டாள். மருந்து டப்பாவின் பொடி எழுத்தைக்கூட விடமாட்டாள். கண்ணாடி விற்பது அவர்தான் என்றாலும் அந்த வீட்டில் கண் அவளுடையது.

ஏற்கெனவே அவர் ஒருமுறை தூண்டில் போட்டுப் பார்த்தார்.

"வண்டிக்கு வயசாயிடுச்சும்மா. சீட்டு தானா முன்னால நகருது. ஞாயித்துக்கிழமை ஏறி உட்கார்ந்தா முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது."

"அப்படியா?"

"உள்ள இருக்கிற கண்ணாடியும் தானா இறங்கிடுது. நேத்து பார்த்தா ரோடே தெரியலை, பின்சீட்டுதான் தெரியுது."

"கண்ணாடியைப் பார்த்தீங்களா? பரவாயில்லையே, முன்னேறிட்டீங்க."

எதிர்வீட்டு அக்காவிடமும் புலம்பினார். அந்த அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். விஷயம் தெரிந்தவர். அவர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "சில வண்டி அப்படித்தான் சார். போகப் போக இன்னும் நல்லா நகரும்" என்றார்.

காரில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பக்கத்து சீட்டிலிருந்து மனைவி, "சைக்கிள் வருதுங்க" என்றாலோ, "கியரை மாத்துங்க, வண்டி முனகுது" என்றாலோ உடனே சொல்வார்: "பக்கத்துல உட்கார்ந்தா பொம்மை மாதிரி உட்காரு. ஓட்டறது நான்." நானும் ஓட்டப் பழகட்டுமா என்று அவள் கேட்டபோதெல்லாம் வந்த பதில் இன்னும் சின்னது. "உனக்கு வராது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். திரையில் அதே ஹேட்ச்பேக், அதே வருட மாடல். முன்சீட்டுகளில் பெல்ட் போட்ட இரண்டு மஞ்சள் பொம்மைகள்.

"என்னங்க இது, நம்ம வண்டி மாதிரி இருக்கு?"

"நம்ம வண்டியேதான். எவ்வளவு பத்திரம்னு தெரிஞ்சுக்க மோதிப் பார்த்திருக்காங்க."

"யாரோட?"

"சுவத்தோட."

"பாவம். சுவருக்குப் பேசத் தெரியாது."

மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கார் ஓடி வந்தது. மோதியது. முன்பக்கம் கசக்கிப் போட்ட காகிதம் ஆனது. ஸ்டியரிங் எகிறி ஓட்டுநர் பொம்மையின் நெஞ்சில் இடித்தது. கண்ணாடிக்காரர் அங்கேயே படத்தை நிறுத்தினார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த குரலை எடுத்தார்.

"ஏர்பேக் கிடையாது. பாதுகாப்புக்கு ஸ்டார் எத்தனை தெரியுமா? ஒண்ணுகூட இல்லை. எனக்கென்ன, நான் எப்படியோ போயிட்டுப் போறேன். உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுன்னா நான் தாங்குவேனா?"

கடைசிச் சொல்லில் குரல் தழுதழுத்தது.

"முழுசா ஓடவிடுங்க" என்றாள் மனைவி.

"அதுக்கப்புறம் ஒண்ணுமில்லை."

"கடைசியில ஏதோ எழுத்து வருமே."

வந்தது. அவர் ஒருநாளும் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு பொம்மைகளின் படம். அடியின் பலத்துக்கு ஏற்ப நிறம்: பலமான அடி சிவப்பு, பத்திரம் என்றால் பச்சை. ஓட்டுநர் பொம்மைக்கு நெஞ்சு சிவப்பு, முட்டி சிவப்பு. பக்கத்து சீட்டுப் பொம்மை கொஞ்சம் மஞ்சள் தவிர தலை முதல் கால்வரை பச்சை.

அவள் திரைக்குக் கிட்டே போய் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"அறுபத்து நாலு கிலோமீட்டர் வேகத்துல மோதினாங்களாம். நாம என்னைக்கு அவ்வளவு வேகம் போனோம்?"

"அப்பாவை சைக்கிளே முந்திடும்மா" என்றாள் மகள்.

மனைவி சிரிக்கவில்லை. கண் கலங்கியதுபோல் இருந்தது. "நான் பெரிய தப்புப் பண்ணிட்டேங்க" என்றாள்.

கண்ணாடிக்காரர் காதில் சிவப்புக் காரின் ஹாரன் கேட்டது.

"இத்தனை வருஷமா உங்களை அந்த சீட்டுல உட்கார வெச்சுட்டேனே! நெஞ்சு சிவப்பு, முட்டி சிவப்பு. முட்டி இடிக்குதுன்னு நீங்களே சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கிக்கலை. இனிமே நீங்க அந்த சீட்டுல உட்காரவே கூடாது."

"அதனாலதான் சொல்றேன், புது வண்டி ஒண்ணு..."

"அது எதுக்கு? பக்கத்து சீட்டு பச்சையாத்தானே இருக்கு? அங்க உட்காருங்க."

"அப்போ ஓட்டறது யாரு?"

அவள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவர் பின்னாலேயே ஓடினார். அவள் ஓட்டுநர் சீட்டில் ஏறினாள், அடியில் கைவிட்டு எதையோ இழுத்தாள். சீட்டு முன்னால் நகர்ந்தது. கையை உயர்த்திக் கண்ணாடியைத் தொட்டாள். அது கீழே இறங்கியது.



"லைசென்ஸ் போன மாசமே வந்தாச்சு. நீங்க கடைக்குப் போனப்புறம் எதிர்வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள்.

அவருக்குக் கடைசியாக ஒரு பிடி கிடைத்தது. "ஏம்மா, எனக்கு ஆபத்துன்னா உனக்கும் ஆபத்துதானே?"

"எனக்கென்ன, நான் எப்படியோ போயிட்டுப் போறேன். உங்களுக்கு ஒண்ணுன்னா நான் தாங்குவேனா? ஏறுங்க."

ஏறினார். மகள் பின்னால் ஏறிப் பெல்ட்டைப் போட்டாள். கார் பின்னால் நகர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு 'டங்' சத்தத்துக்குக் காத்திருந்தார். அது வரவேயில்லை. கண்ணைத் திறந்தபோது தெருவில் இருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஷோரூமைத் தாண்டும்போது காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"யாருங்க அது?"

"தெரியலையே."

சிவப்புக் கார் கண்ணாடிக்குப் பின்னால் மினுங்கிவிட்டுப் பின்தங்கியது. அடுத்த திருப்பத்தில் ஒரு சைக்கிள் வந்தது. கண்ணாடிக்காரரால் பொறுக்க முடியவில்லை.

"சைக்கிள் வருது பாரு... கியரை..."

அவள் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"சுவத்துல மோதினப்பகூட அந்தப் பக்கத்து சீட்டுப் பொம்மை வாயைத் திறக்கலைங்க."