பன்னிரண்டாம் ஸ்தலத்தில் நிற்கும் சிலுவைப்பாதை

சேசு மரி சூசை துணை

மாதாகுடியிருப்பு,
உச்சிப்புளி தபால்,
25-3-1958, செவ்வாய்.

மகா கனம் பொருந்திய மச்சான் சவேரியார் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் இன்னாசி தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கு நானும், இரண்டு ஆடுகளும், கோயில் மணியும் சுகம். தூத்துக்குடியில் தாங்களும் அங்குள்ளவர்களும் சுகமாக இருக்க தினமும் ஒரு அருள்நிறை மந்திரம் தனியாகச் சொல்லிவருகிறேன். தங்கள் தங்கை ஜெபமாலையும் சுகம்தான். ஆனால் வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பியவள் இன்னும் திரும்பவில்லை. பயப்பட வேண்டாம், எங்கே இருக்கிறாள் என்று தெரியும். இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும். கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், வர மாட்டேன் என்கிறாள்.

நம் ஊர் ஊற்றைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தக் கரையில் எங்கே தோண்டினாலும் உப்பு, அந்த ஒரு பள்ளத்தில் மட்டும் நல்ல தண்ணீர். போன வியாழக்கிழமை உப்பளக் காண்ட்ராக்டர் ஒருவர் வந்து, அந்த இடமெல்லாம் தனக்குக் குத்தகை என்று சொல்லி, முள்கம்பி வேலி அடித்து, ஒரு கேட்டும் போட்டு, நயினார்கோவில் பக்கத்து ஆள் மருதுபாண்டியைக் காவலுக்கு நிறுத்திவிட்டார். இனி ஒரு குடம் தண்ணீருக்குப் பெண்கள் இரண்டு மைல் நடந்து ரயிலடிக்குப் போக வேண்டும். மனு எழுதலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

தபசுகால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடத்துவது உபதேசியாராகிய என் வேலை. ஆண்டவர் பாடுபட்ட பதினாலு ஸ்தலங்களுக்கும் கோயில் வாசலில் தொடங்கிப் பதினாலு மரச்சிலுவைகளை வழியெல்லாம் நட்டதும் நான்தான். பதினாலாவதை ஊற்றங்கரையில் நட்டேன். முட்டிபோட்டுக் களைத்த ஜனங்கள் முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டுமே என்ற நல்லெண்ணம். அதன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறேன். ஆண்டவர் சிலுவையில் மரிக்கிற பன்னிரண்டாம் ஸ்தலம் வேலிக்கு வெளியே இருக்கிறது. அவரை இறக்கி மாதா மடியில் கிடத்துகிற பதின்மூன்றாவது வேலிக்கு உள்ளே. அடக்கம் செய்கிற பதினாலாவதும் உள்ளே. மருதுபாண்டி கேட்டைத் திறக்க முடியாது என்றான். மீதி இரண்டையும் இங்கேயே வாசித்து முடித்துவிடலாம் என்று நான் புத்தகத்தைப் புரட்டினேன். முட்டி போட்டிருந்த தங்கள் தங்கை அசையவில்லை.

"ஸ்தலத்துக்கு ஸ்தலம் நடந்து போகாட்டி பலன் இல்லைன்னு தபசு தொடங்குன விபூதிப் புதனன்னைக்கு எங்கள மிரட்டுனது ஆரு? நீங்கதான? அவர அந்தரத்துல தொங்க விட்டுட்டு வீட்டுல போயி சோறு திங்கச் சொல்றீகளா?" என்றாள். அவ்வளவுதான், எழுந்த பெண்களெல்லாம் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். மச்சான், ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். நான் சொன்னதையே திருப்பிச் சொல்பவளிடம் என்ன பேசுவது? என் முன்கோபம் தாங்கள் அறிந்ததுதான். ஓடிப்போய் என் படகிலிருந்த துடுப்பை எடுத்துவந்து மருதுபாண்டியின் மண்டைக்கு நேராக ஓங்கினேன். அவள் எழுந்து வந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "அடிச்ச கையால அவர எப்படி எறக்குவீக?" என்று கேட்டாள். துடுப்பு இன்றுவரை அவளுக்கு அடியில்தான். ஐந்து நாளாகக் கடலுக்கும் போக முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபியாவும் வந்து சேர்ந்தாள். மரைக்காயர் வீட்டுப் பெண்களும் இந்த ஊற்றில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். "நாங்க தொழுகைக்கு ஒளு செய்யவும் இந்தத் தண்ணிதான் உபதேசியாரே, நோம்பு வச்சுக்கிட்டு வீட்டுல இருந்தா என்ன, இங்கன இருந்தா என்ன?" என்று ஜெபமாலைக்குப் பக்கத்தில் பாய் விரித்துவிட்டாள். சாயங்காலமானால் அவர்கள் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி அண்டாவில் வருகிறது. இவர்களுக்குத் தபசுகாலம், அவர்களுக்கு நோன்பு. பட்டினி பழகியவர்களாகப் பார்த்துப் பகைத்துக்கொண்டிருக்கிறார் காண்ட்ராக்டர். காவல்காரன் மருதுபாண்டிக்கும் ஒரு சட்டி கொடுக்கிறார்கள். அவன் கம்பிக்கு உள்ளேயிருந்து கை நீட்டி வாங்கிக் குடித்துவிட்டு, சிலுவையில் நான் ஒட்டியிருக்கும் படத்தைக் காட்டி, "இவரு என்ன தப்புப் பண்ணாரு?" என்று தினமும் ஜெபமாலையிடம் கதை கேட்கிறான். எதிராளிக்குக் கஞ்சி ஊற்றிக் கதையும் சொல்கிற சண்டையைத் தாங்கள் எங்காவது பார்த்ததுண்டா?

சிரிப்பாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன், ஆனால் விஷயம் சிரிப்பு இல்லை. நேற்று காண்ட்ராக்டர் காரில் வந்து, புதன்கிழமை காலை கம்போடு ஆட்கள் வருவார்கள், பெண் என்று பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிப் போனார். ஜெபமாலையின் நெஞ்சு எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும். ஒரு மழைச்சாரல் பட்டாலே பத்து நாள் இருமுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டுக்குள் நான் எதற்காகப் போவேன்? என் சொல்லை அவள் கேட்க மாட்டாள். மூத்தவர் தங்கள் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை. நாளைக் காலைக்குள் இது தங்கள் கைக்குச் சேராது என்று தெரியும், ஆனாலும் கடிதம் கண்டதும் ரயிலேறி வந்து, கையோடு அவளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். கால் பிடித்துக் கேட்கிறேன். தண்ணீர் ரயிலடியிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம்.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் ஸ்தோத்திரமும் பிள்ளைகளுக்கு என் முத்தங்களும் சேர்வதாக. தேவமாதா தங்களை ரயிலில் இடம் பிடித்து உட்காரவைத்து அழைத்துவருவாளாக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ம. இன்னாசி உபதேசியார்

பி.கு.: புதன் மத்தியானம். தபால்காரர் இன்னும் வராததால் இதையும் எழுதுகிறேன். மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும்.

காலையில் ஆறு பேர் கம்போடு வந்தார்கள். நான் ஜெபமாலைக்கு முன்னால் நின்றுகொண்டு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பன்னிரண்டாம் ஸ்தலத்தை உரக்க வாசிக்கத் தொடங்கினேன். ஒருவன் கன்னத்தில் அறைந்தான். என் மூக்குக்கண்ணாடி மணலில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்தை ஆண்டவர் ஒருவரே அறிவார். ஆனால் பின்னால் பெண்கள் ஜெபத்தை நிறுத்தவில்லை. நான் திரும்ப அடித்திருந்தால் அவர்கள் நிறுத்த வேண்டி வந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அறைந்தவனே குனிந்து கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தான். அப்போது கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மருதுபாண்டி. "ஆறு நாளா அந்த மனுசன் தொங்குறாரு. என்னால பாக்க முடியல. வந்து எறக்குங்க" என்றான். கம்போடு வந்தவர்கள் விலகி வழி விட்டார்கள், நாங்கள் எல்லோரும் உள்ளே போனோம். முட்டி போட்டு இரண்டு ஸ்தலத்தையும் முடித்தோம், தண்ணீரும் குடித்தோம். மருதுபாண்டிக்கு வேலை போய்விட்டது, இப்போது எங்களோடு உட்கார்ந்திருக்கிறான்.

வேலி இன்னும் இருக்கிறது. அதனால் தங்கள் தங்கை ஊற்றங்கரையை விட்டு எழுந்திருக்கவில்லை. அடக்கம் செய்தவர்கள் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று கேட்கிறாள். மச்சான், தாங்கள் அவளைக் கூட்டிப்போக வர வேண்டாம். வந்தால் உட்கார வாருங்கள், பாய் கொண்டுவாருங்கள். நானும் அவள் பக்கத்தில்தான் இருக்கிறேன். சேலைத் தலைப்பை ஊற்றில் நனைத்து நனைத்து என் கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் என்னைத் தொட்டதில்லை. வீக்கம் காலையிலேயே வடிந்துவிட்டது. நான் இன்னும் சொல்லவில்லை.