தூங்க மறந்த கம்ப்யூட்டரும் அந்தியூராரும்

கோயமுத்தூர் ஜில்லாவில் கம்ப்யூட்டருக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மனிதர் அந்தியூரார்தான். அதைவிட ஆச்சரியம், கம்ப்யூட்டர்களும் அவருக்குப் பதில் மரியாதை கொடுத்தன. நான் கண்ணால் பார்த்தவன், எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணத் தயார்.

நாயைக்கூட 'போங்க' என்று விரட்டுகிற ஊர் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். அவர்கள் அந்தியூராரைப் பார்த்ததில்லை. மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு 'அம்மணி'. லேப்டாப் என்றால் 'கண்ணு'. "ஏனுங்க அம்மணி, மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று விசாரித்த பிறகுதான் மௌஸையே தொடுவார்.

எங்கள் பம்ப் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க வருபவர், ஆனால் அவருடைய நிஜப் பெயர் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. சொந்த ஊர் அந்தியூர், அதனால் அந்தியூரார். அவருடைய சித்தப்பா அந்த ஊர்ச் சந்தையில் குதிரைத் தரகராம். அந்தப் பழக்கம் இவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கம்ப்யூட்டரை முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். காற்று வரும் ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். பல்லைப் பிடித்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ரிப்பேர் பார்க்க வந்தாரா, விலை பேச வந்தாரா இந்த ஆள்?

என் வாயை அடைத்தது சரவணம்பட்டி. அங்கே ஒரு சாப்ட்வேர் ஆபீஸில் என் மச்சானுக்கு வேலை. ஒரு கம்ப்யூட்டரின் மெனுவில் 'ஸ்லீப்' என்ற வார்த்தையே காணாமல் போய், நாலு இன்ஜினியர்கள் ரெண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தியூராரைக் கூட்டிப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தூரத்து ஸ்கிரீனைப் பார்த்து, "எழுத்தெல்லாம் ஏனுங்க இத்தாப்பெருசாத் தெரியுது?" என்றார். ஸ்கிரீனை இயக்கும் 'டிரைவர்' என்ற புரோகிராம் கழன்றுபோய், ஒப்புக்குச் சப்பாணியாக வேறொன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "கண்ணே செரியாத் தெரியாதவங்க எப்படீங்க கண்ண மூடித் தூங்குவாங்க?" என்று சொல்லி, சரியானதைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்தார். ஸ்லீப் மெனுவில் வந்து உட்கார்ந்திருந்தது. நாலு இன்ஜினியர்களும் தங்களை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்கள். நானும்தான்.

இதெல்லாம் சும்மா. அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன் கேளுங்கள்.

எங்கள் டிசைன் பிரிவில் நிர்மலா என்று ஓர் இன்ஜினியர். புது பம்புக்குள் தண்ணீர் எப்படிச் சுழலும் என்று அவளுடைய கம்ப்யூட்டர் ஐந்து நாளாக இடைவிடாமல் கணித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றரை நாள் ஓட வேண்டும். நடுவில் நின்றால் எல்லாம் முதலிலிருந்து. திங்கட்கிழமை ரிசல்ட் வெளிநாட்டுக்குப் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பவானி பக்கம் குலதெய்வம் கோயிலில் அவள் மகனுக்குக் காதுகுத்து. ஓட்டம் அறுந்துபோனால் சனி, ஞாயிறு ஆபீஸிலேயே கிடந்து வேறு வழி பார்க்க வேண்டியதுதான். பெற்றவள் இல்லாமல் காது குத்துவதா?

காலை எட்டு மணிக்குப் பேப்பரைப் பிரித்தேன். எங்கள் ஏரியாவில் ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை. உலகத்துக்கே மோட்டார் விற்கிற எங்கள் கம்பெனியின் ஜெனரேட்டரோ, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்ட நிலையில் ஷெட்டில் கிடந்தது. யூபிஎஸ் இருபது நிமிஷம் தாங்கும். நிர்மலா முகத்தில் ஈயாடவில்லை.

போன் போட்ட கால் மணி நேரத்தில் அந்தியூராரின் மொபெட் வந்தது.

"ஸ்லீப்புல போட்டுறலாமுங்களாண்ணா?" என்றாள் நிர்மலா.

"தூங்கறதுக்கும் கரண்டு வேணுமுங்க அம்மணி. மூச்சு உடோணுமில்லீங்க? எட்டு மணி நேரம் பேட்டரி தாங்காது. ஹைபர்னேட்டுல போட்டா, நெனப்புல இருக்கறத பூராம் டிஸ்க்குல எழுதி வெச்சுப்போட்டு முழுசா அணைஞ்சுக்கும். கரண்டு வந்ததும் உட்ட எடத்துல இருந்து புடிச்சுக்கும்."

மெனுவைத் திறந்தார். ஹைபர்னேட்டைக் காணோம்.

எனக்குக் குப்பென்று வேர்த்தது. ஏனென்றால் அதைக் காணாமல் போக்கிய புண்ணியவான் நான்தான். ஒரு மாசத்துக்கு முன்னால் 'இடம் காலி செய்வது எப்படி' என்று எவனோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, அதே கம்ப்யூட்டரில் ஒரு வரியைத் தட்டினேன். ஹைபர்னேட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பெரிய ஃபைல் ஒன்று மாயமாகி, ஏகப்பட்ட இடம் கிடைத்தது. சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தேன். எப்படிச் செய்தேன் என்று சொல்லாமல், செய்ததை மட்டும் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். முதலாளி முதுகில் தட்டிப் பாராட்டி, அந்த இடத்தில் தன் மகளின் கல்யாண வீடியோ முழுவதையும் கொண்டுவந்து கொட்டினார்.

அந்தியூரார் ஸ்கிரீனில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து ஏதோ தட்டிக் கேட்டார். ஹைபர்னேட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டர் பதில் சொன்னது.

"யாருங்கண்ணா நிறுத்துனது?" நிர்மலா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "யாருமில்லீங்க அம்மணி. வயசானா சிலது தானா மறந்துபோடுமுங்க."

வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகாத கம்ப்யூட்டர் அது!

மறுபடி இயக்கப் பார்த்தார். டிஸ்கில் இடம் போதவில்லை. கல்யாண வீடியோவை நகர்த்த வேண்டும். முதலாளியோ வாசலிலேயே நிற்கிறார். அவரிடம் யார் சொல்வது? நாங்கள் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தோம்.

"ஏனுங்க, இவிங்க படுக்கற எடத்துல உங்கூட்டுக் கண்ணாலம் நடந்துட்டிருக்குதுங்க" என்றார் அந்தியூரார்.

"அழிக்கோணுமுங்களா?" முதலாளி பதறினார்.

"ஐயோ, அழிக்கறதுங்களா! பொண்ண மறுவூட்டுக்கு அனுப்பறாப்பல, வேற டிஸ்க்குக்கு அனுப்பி வெக்கறதுதானுங்க."

முதலாளி சிரித்தே விட்டார். "அப்ப அனுப்பிப்போடுங்க" என்றார்.

வீடியோ நகர ஆரம்பித்தது. மாப்பிள்ளை அழைப்பு போனது. முகூர்த்தம் போனது. பந்திதான் நகரவே மாட்டேன் என்றது. சொன்ன சொல் தவறாமல் ஒன்பது மணிக்குக் கரண்டு நின்றது. யூபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. நிர்மலா கண்ணை மூடிக்கொண்டாள். நான் வேண்டாத சாமியில்லை.

ஒன்பது பத்துக்குக் கடைசிப் பந்தியும் எழுந்தது. அந்தியூரார் ஒரு வரி தட்டி ஹைபர்னேட்டை இயக்கினார். பவர் பட்டன் செட்டிங்கில் போய் ஒரு டிக் அடித்தார். மெனுவில் அந்தப் பெயர் வந்தது.

"தூங்குங்க அம்மணி. நாங்க இருக்கறமுங்க."

திரை அணைந்தது. ஃபேன் நின்றது. முதலாளி உட்பட அத்தனை பேரும் சத்தம் காட்டாமல் அறையைவிட்டு வெளியே வந்தோம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்டு வந்தது. அந்தியூரார் சுவிட்சைத் தொட்டார். திரை கறுப்பாகவே இருந்தது. இருந்தது. இருந்துகொண்டே இருந்தது. அப்புறம் கணக்கு ஓடுவதைக் காட்டும் கோடு, காலையில் நின்ற அதே இடத்தில் தெரிந்து மெதுவாக ஊர ஆரம்பித்தது. நிர்மலா சிரித்தாள், அழுதாள், ரெண்டையும் சேர்த்துச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகனுக்கு ஜாம் ஜாம் என்று காது குத்தினார்கள்.

அன்று கேட் வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன். "அண்ணா, அத நிறுத்துனது நானுங்க" என்றேன்.

"தெரியுமுங்க. ஏசி ரூம்புல ஒருத்தரு மட்டும் வேர்த்துட்டு நின்னா தெரியாதுங்களா?"

"அப்புறம் ஏனுங்க சொல்லல?"

"அந்தக் கம்ப்யூட்டர் அம்மணியத் தூங்க வெக்கத்தான வந்தேன். உங்க தூக்கத்தக் கெடுக்கறதுக்குங்களா?" என்று சொல்லி மொபெட்டை உதைத்தார்.

திங்கட்கிழமை நானே நிர்மலாவிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை. போன வாரம் என் லேப்டாப்பில் ஸ்லீப் இருந்தது, ஹைபர்னேட் இருந்தது, ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் அந்தியூராருக்குப் போன் போட்டேன்.

"என்னாச்சுங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. சும்மாதானுங்க."

அந்தப் பக்கம் மொபெட்டை உதைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இருங்க, வாரேன்" என்றார்.