கொக்கியா கோடா

"தலை எங்கே?" என்றாள் நிவெஸ்.

ஃப்ரானியோவின் அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "எந்தத் தலை, டீச்சர்?"

"எழுத்தோட தலை."

மேசைமேல் எழுத்துப்பெட்டி திறந்து கிடந்தது. ஒன்றாம் வகுப்பில் பிள்ளைக்கு ஒன்று உண்டு. தட்டையான அட்டைப்பெட்டி, உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள், பைக்குள் எழுத்துச் சீட்டுகள். பிள்ளைகள் சீட்டை எடுத்து அடுக்கி வார்த்தை சேர்ப்பார்கள். சீட்டை வெட்டிக் கொடுப்பது பெற்றோர் வேலை. இந்த வருடம் ஃப்ரானியோவின் அப்பா, அச்சகத்தில் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவர், மொத்த வகுப்புக்கும் நானே வெட்டித் தருகிறேன் என்று பெருமையாக வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

"இது கொக்கி வெச்ச எழுத்து. இது கோடு வெச்ச எழுத்து. ரெண்டுக்கும் மேல ஒண்ணுமே இல்லையே."

அவர் ஒரு சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கட்டா வெச்சு ஒரே அழுத்து அழுத்தினேன். மேல கொஞ்சம் போயிருக்கும்போல. ஆனா ஓரத்தைப் பாருங்க, எவ்ளோ நேரா இருக்கு."

"நாளைக்கு எனக்குப் பரீட்சை. இந்த ரெண்டு எழுத்துதான் பாடம்."

"அதுக்கென்ன இப்ப. போன்ல மெசேஜ் அனுப்புறப்போ யாரு கொக்கி போடுறா, யாரு கோடு போடுறா? மொட்டையா அடிச்சாலும் புரிஞ்சுக்கிறாங்க இல்ல? என் பொண்டாட்டி பேரையே நான் மொட்டையாத்தான் வெச்சிருக்கேன்."

அவர் போய்விட்டார். நிவெஸ் மொட்டை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குரோவேஷிய மொழியில் இரண்டு 'ச்' உண்டு. ஒன்றின் தலையில் கொக்கி, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்னொன்றின் தலையில் சாய்ந்த கோடு, அதை மெதுவாகச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஜாக்ரெப் நகரத்தில் பிறந்த நாக்கு அப்படிச் சொல்லாது. நம்மூரில் 'ழ' படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நிவெஸ் ஜாக்ரெப்பில் பிறந்து, ஜாக்ரெப்பில் வளர்ந்து, ஜாக்ரெப்பிலேயே ஆசிரியர் பயிற்சி முடித்தவள். எந்த வார்த்தைக்குக் கொக்கி, எதற்குக் கோடு என்று மனப்பாடமாகத் தெரியும். எழுதச் சொன்னால் தப்பே வராது. ஆனால் காதில் இரண்டும் ஒன்று, வாயிலும் ஒன்று. இது யாருக்கும் தெரியாது. தெரியாமலே ஓய்வு பெற்றுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

நாளைக்குத் தேறினால் வேலை நிரந்தரம். இந்தப் பிள்ளைகளோடு நாலாம் வகுப்பு வரை கூடவே போகலாம். தேறாவிட்டால் இலையுதிர் காலத்தில் பள்ளி திறக்கும்போது இவர்களுக்கு வேறொரு டீச்சர் வருவாள். ஃப்ரானியோவுக்கு 'மா' என்ற எழுத்துக்கூட்டலே போன வாரம்தான் பிடிபட்டிருக்கிறது. அவனை வேறொருத்தி கையில் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

முதல் காரியமாகக் கறுப்பு மார்க்கர் எடுத்து, எல்லாச் சீட்டுகளுக்கும் தலை வரைந்தாள். கடைசி மணி நேரத்தில் பிள்ளைகளிடம் கொடுத்து ஒத்திகை பார்த்தாள். மை காயவில்லை. கட்டைவிரல் பட்டதும் கொக்கியும் கோடும் ஒரே மாதிரி அப்பின. கொஞ்ச நேரத்தில் எழுத்துகளின் தலையில் இருந்தவை எல்லாம் பிள்ளைகளின் நெற்றியில் இருந்தன.

"டீச்சர், என் மேல இருக்கிறது கொக்கியா கோடா?" என்று ஃப்ரானியோ முகத்தை நீட்டினான்.

"மூஞ்சியைக் கழுவிட்டு வா, கண்ணா."

அடுத்து வண்ணப் பொட்டுகள் ஒட்டினாள். கொக்கிக்குச் சிவப்பு, கோட்டுக்குப் பச்சை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, தலைமை ஆசிரியர் கதவைத் திறக்கும்வரை.

"என்னம்மா இது, எழுத்தா, சிக்னல் விளக்கா?" என்றார் அவர். "நாளைக்கு உங்க பாடத்தைப் பார்த்து மார்க் போட வர்றது யாரு தெரியும்ல? ஃபிலோமெனா அம்மா. பிள்ளைங்க எழுத்தைப் படிக்குதா, கலரைப் படிக்குதான்னு முதல் கேள்வியே அதான் கேப்பாங்க. பிச்சு எடுத்துடுங்க."

பிய்த்து எடுத்தாள். பொட்டோடு காகிதமும் வந்தது. இப்போது எழுத்துகளுக்குத் தலை மட்டுமல்ல, கழுத்தும் இல்லை.

பக்கத்து வகுப்பு ப்ளாஷென்கா அக்காதான் அவளுக்கு வழிகாட்டி ஆசிரியை. கையில் காப்பியோடு வந்து, சீட்டுக் குப்பையைப் பார்த்தாள்.

"விடுடி. ஆளுக்கு ரெண்டு பெரிய அட்டை வெட்டு. ஒண்ணுல கொக்கி, ஒண்ணுல கோடு. என் வீட்டுல பூனைத்தீனி அட்டைப்பெட்டி மலையாட்டம் கிடக்கு, கொண்டு வரேன்."

"பின்பக்கம் பூனைப் படம் இருக்குமே, அக்கா."

"பூனை ஒண்ணும் சொல்லாது." ஒரு மிடறு குடித்தாள். "கேட்கும் பயிற்சி தயார் பண்ணிட்டியா?"

நிவெஸின் கை நின்றது. "அது... கட்டாயமா?"

"கட்டாயமாவா? பாடமே அதானே. நீ 'ச்சா'ன்னு சொல்லணும், பிள்ளைங்க எந்த ச்சான்னு காதால கேட்டு அட்டையைத் தூக்கணும். வார்த்தை கூடாது, வெறும் சத்தம். வார்த்தைன்னா மனப்பாடமா தூக்கிடும்ல. பலகையில எழுதும்போது பிள்ளைங்களுக்கு முதுகைக் காட்டினான்னு ஒருத்தனை ஃபெயில் பண்ணினவ அந்த ஃபிலோமெனா. ஏன், உனக்கு என்ன முகம் வெளுக்குது?"

"தூக்கம் சரியில்ல, அக்கா."

பாடத்தோடு வந்த ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. நிவெஸ் அதைப் போட்டுப் பார்த்தாள். வகுப்பு ஒலிபெருக்கி எப்போதோ கிழிந்திருந்தது. பதிவில் பேசிய பெண்மணி கொக்கியையும் "ஸ்ஸா" என்றாள், கோட்டையும் "ஸ்ஸா" என்றாள், கடைசியில் வாழ்த்துச் சொன்னதும் பாம்பு சீறியது போலவே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஷிமாவின் ஞாபகம் வந்தது.

ஷிமா தெற்கே மலைப்பக்கம் இமோட்ஸ்கியிலிருந்து குளிர்காலம் முடிந்து வந்து சேர்ந்த சிறுமி. அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு ச்சையும் தண்ணீர் பட்டபாடாகப் பிரித்துச் சொல்வார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், அதிகம் பேசமாட்டாள். மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்குமுன் நிவெஸ் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். தேர்வில் ஷிமா சத்தத்தைச் சொல்ல வேண்டும், மற்ற பிள்ளைகள் அட்டையைத் தூக்க வேண்டும். எதைச் சொல்ல வேண்டும் என்பதை நிவெஸ் கண்ணால் காட்டிவிடுவாள். திட்டம் கச்சிதம்.

"எங்க, கொக்கியைச் சொல்லு பார்ப்போம், ஷிமா."

ஷிமா வாயைத் திறந்தாள். முன்பல் இரண்டும் இல்லை.

"நேத்து தாயந்திரம் விழுந்துடுத்து, டீத்தர்," என்றாள் பெருமையாக. "ரெண்டும் ஒண்ணா."

நிவெஸ் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி. பரவாயில்ல. நான் சொல்றேன், நீ கேளு. கேக்குதுல்ல?"

"காது நல்லா இருக்கு, டீத்தர்."

"ச்சா. இது என்ன?"

"கொக்கி."

நிவெஸ் உதட்டைக் குவித்து, நாக்கை மடித்து, இன்னொருமுறை சொன்னாள். "ச்சா. இது?"

"கொக்கி."

கண்ணை மூடிக்கொண்டு, கோட்டை மனதில் நிறுத்தி, மெல்ல, பட்டுப்போல. "ச்சா."

ஷிமா யோசித்தாள். டீச்சர் முகத்தைப் பார்த்தாள். "அதுவும் கொக்கிதான், டீத்தர். ஆனா கொஞ்தம் தோகமா இருந்துது."

வாசலில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நிவெஸின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஷிமா அவள் புறங்கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"அழாதீங்க. எங்க தித்தி இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாங்க. அவங்களுக்கும் இப்ப வராது."

"ஷிமா, ஒரே ஒரு உதவி. இன்னிக்கு எந்தச் சத்தம் கேட்டாலும், நீ முதல்ல அட்டையைத் தூக்கிடு. உயரமா. யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. சரியா?"

"தரி."

ஃபிலோமெனா அம்மா கடைசி பெஞ்சில், தலைமை ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாம்பல் நிற உடை, சங்கிலி கோத்த கண்ணாடி, உதட்டில் சிரிப்பு என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. நிவெஸ் பாடத்தைத் தொடங்கினாள்.

படத்தைக் காட்டி அதன் பேரில் வரும் எழுத்தைக் கேட்டது நன்றாகப் போனது. பூனைக்குக் கொக்கி, வீட்டுக்குக் கோடு, சாவிக்குக் கொக்கி. எல்லாம் மனப்பாடம். பலகையில் எழுதும்போது முதுகைக் காட்டாமலிருக்கப் பக்கவாட்டில் வளைந்து எழுதினாள், எழுத்து மலையேறியது. பிள்ளைகள் அட்டையைத் தூக்கியபோது முன்னால் நின்ற அவளுக்கு எழுத்துகள் தெரிந்தன, பின்னால் உட்கார்ந்த இருவருக்கும் வரிசை வரிசையாகப் பூனைகள் தெரிந்தன. தலைமை ஆசிரியர் நெற்றியைத் தேய்த்தார்.

நிவெஸ் நேரத்தைக் கடத்தினாள். காற்றில் எழுத்து வரையச் சொன்னாள். மேசைமேல் விரலால் வரையச் சொன்னாள். பக்கத்துப் பிள்ளையின் முதுகில் வரையச் சொன்னாள். ஃப்ரானியோ தன் முதுகில் இன்னொரு முறை வரையச் சொல்லி அடம்பிடித்தான். மணி அடிக்கும் வழியாக இல்லை.

"டீச்சர்," என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "கேட்கும் பயிற்சி இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"அப்ப செய்யுங்க."

நிவெஸ் வாயைத் திறந்தாள். வகுப்பே அவள் வாயைப் பார்த்தது. ஷிமா அட்டைகளை இறுகப் பிடித்தபடி, என்ன வந்தாலும் தூக்கத் தயாராக இருந்தாள். என்ன வந்தாலும் அது கொக்கியாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் நிவெஸின் வாய், அவளைக் கேட்காமலே, இன்னொன்றைச் சொல்லிவிட்டது.

"பிள்ளைங்க தினமும் என் குரலைத்தான் கேக்குறாங்க. இன்னிக்குப் புதுக் குரல்ல கேட்டா நல்லா இருக்கும். நீங்களே சொல்லித் தர்றீங்களா, மேடம்?"

சொன்ன பிறகுதான் அர்த்தம் உறைத்தது. அந்த அம்மா சொல்வார். பிள்ளைகள் தூக்குவார்கள். எது சரி, எது தப்பு என்று அத்தனை பேர் முன்னால் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நிவெஸ்.

ஃபிலோமெனா அம்மா உடனே எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். தலைமை ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். தலைமை ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே ஏதோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, மெதுவாக முன்னால் வந்து நின்றார். இந்த மாதிரித் துணிச்சலை அவர் மன்னிக்கப் போவதில்லை என்று நிவெஸுக்குத் தோன்றியது.

"ச்சா," என்றார்.

நிவெஸின் காதில் அது வெறும் ச்சா. ஓரக்கண்ணால் முதல் பெஞ்சைப் பார்த்தாள். ஷிமாவின் புருவம் சுருங்கியது. அந்த அம்மாவின் வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு கொக்கியைத் தூக்கினாள், உயரமாக. ஷிமாவுக்குத் தெரியும் என்பது வகுப்புக்கே தெரியும். ஒரு நொடியில் எல்லாக் கைகளிலும் கொக்கி.

"சரி," என்றாள் நிவெஸ், குரல் நடுங்காமல்.

ஃபிலோமெனா அம்மா தலையசைத்தார். "ச்சா."

ஷிமா கோட்டைத் தூக்கினாள். வகுப்பும் தூக்கியது.

"சரி."

"ச்சோ."

கொக்கி.

"ச்சூ."

இந்த முறை ஷிமா தூக்கவில்லை. அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிவெஸின் கழுத்தில் வியர்வை இறங்கியது. யாரோ பென்சிலைக் கீழே போட்டார்கள். ஷிமா டீச்சரைப் பார்த்தாள், மறுபடி அந்த அம்மாவைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், கோட்டைத் தூக்கினாள்.

"சரி," என்றாள் நிவெஸ்.

"மிகச் சரி," என்றார் ஃபிலோமெனா அம்மா, சட்டென்று. "போதும். இதுக்கு மேல கேக்க வேண்டிய அவசியமே இல்ல." கைக்குட்டையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார். வகுப்பில் அவ்வளவு வெக்கை இல்லை.

மணி அடித்தது. நடைவழியில் அந்த அம்மா நிவெஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்த ஊர்ல இத்தனை வருஷமா பாடம் பார்க்கிறேன். ஒரு பிள்ளைகூடத் தப்பா தூக்காத வகுப்பை இன்னிக்குத்தான் பார்த்தேன். நீங்களும் கொஞ்சம்கூடத் தடுமாறல. எப்படிம்மா இவ்ளோ துல்லியமான காது?"

"பழக்கம்தான், மேடம்."

"பூனைங்களை மட்டும் மாத்திடுங்க. மத்தபடி முழு மதிப்பெண்."

தலைமை ஆசிரியர் இரண்டு கையாலும் வாழ்த்தினார். ப்ளாஷென்கா அக்கா கட்டிப்பிடித்துக் காப்பியைக் கொட்டினாள். ஃப்ரானியோ பூனைப்பக்கம் தெரியும்படி அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்து மியாவ் என்றான். நாலாம் வகுப்பு வரை இவன் என் தலைவலி என்று நினைத்தபோது நிவெஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எல்லோரும் போனபின் பையிலிருந்து ஒரு பெரிய சாக்லேட்டை எடுத்து ஷிமாவிடம் நீட்டினாள்.

"உன் காதுக்குத் தங்கத்துல தோடு போடணும்டி. அந்தம்மா சொன்னது அத்தனையும் எப்படி அவ்ளோ சரியா பிரிச்சுக் கேட்ட?"

ஷிமா சாக்லேட்டை வாங்கிக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்களும் உங்களை மாதிரிதான், டீத்தர். எல்லாமே கொக்கியாத்தான் தொன்னாங்க. பாவமா இருந்துது, அதான் ஒண்ணு மாத்தி ஒண்ணு தூக்கினேன்."